நடுக் கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்

உனக்குச் சொல்ல நல்ல சேதிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. மூத்த பேத்தி நர்ஸ் படிப்பு முடித்துச் சேலத்தில் வேலைக்குப் போகிறாள். வெள்ளை உடுப்போடு அவள் வாசலில் வந்து நின்றபோது என் கண்ணே பட்டிருக்கும். பேரனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். இப்போது அதில்தான் எனக்குக் காப்பி. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய என் பேரப்பிள்ளைகள் இவர்கள்!

இன்று காலை அந்தச் சின்னவள் இட்லிப் பானையில் கறிக் கொழுக்கட்டை வைத்தாள். மூடியைத் தூக்கியதும் இஞ்சியும் கொத்துக்கறியும் மணக்க ஆவி முகத்தில் அடித்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மகள் மாயா எழுதிய கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நீங்கள் உங்கள் ஊருக்கே திரும்பும் முன் இங்கே எட்டாவது வரை படித்த மாயாதான் என் கடிதங்களை உனக்குப் படித்துக் காட்டுவாள். இதையும் அவளே உன் படத்துக்கு முன்னால் படிக்கட்டும்.

டார்ஜிலிங் பக்கமிருந்து எஸ்டேட் வாட்ச்மேனின் மனைவியாக நீ ஏற்காட்டுக்கு வந்தபோது உனக்குத் தெரிந்த தமிழ் "அக்கா", "போதும்" இரண்டுதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் எங்கள் டீக்கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு அடிவாரத்துக்கே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் நீ உங்கள் ஊர் மொமோவைக் கொண்டுவந்தாய். மைதா மாவுக்குள் பச்சைக் கறியை வைத்து அவிப்பார்கள் என்றதும், "பச்சையாவா? கருமம்!" என்று மூக்கைப் பொத்தினேன். ஒன்றைத் தின்றபின் விரலை நக்கினேன். ஊரார் அதற்குக் கறிக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தார்கள்.

முதல் பெரிய ஆர்டர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடமிருந்து வந்தது. ஊருக்குத் திரும்பும் தங்கை குடும்பத்துக்கு, பஸ்ஸில் தின்ன வேண்டும் என்றார். அவருக்குப் பிடித்துவிட்டால் மலை முழுக்கச் சொல்லிவிடுவார், கடை பிழைத்துக்கொள்ளும். காலையில் வெட்டிய கறியாகப் பார்த்து வாங்கிவந்து நீ கொத்தினாய், மடித்தாய். பிறகு கைக்குழந்தை மாயாவுக்குப் பால் கொடுக்கப் போனாய்.

பானை என் பொறுப்பு. பிள்ளையார் கொழுக்கட்டை அவித்துப் பழகிய கை என்னுடையது. மேல்மாவு மினுங்கினால் வெந்துவிட்டது. உள்ளே தேங்காயும் வெல்லமும்தானே, அதில் வேக என்ன இருக்கிறது? அதே நினைப்பில் மினுங்கியதுமே இறக்கினேன். போதாததற்குத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வேறு வைத்திருந்தேன். பச்சையாக அடுக்கியிருந்த தாம்பாளத்திலேயே வெந்ததையும் கொட்டி, இலையில் கட்டிக் கொடுத்தேன். அடிவாரம் வரை வழியனுப்ப ரைட்டரும் ஏறிக்கொள்ள, பஸ் கிளம்பிவிட்டது.

நீ வந்து, பானையில் ஒட்டிக்கிடந்த ஒன்றைப் பிட்டாய். நடுவில் கறி சிவந்து கிடந்தது.

"அக்கா, தண்ணி கத்துது. கறி தூங்குது."

"மாவு வெந்துருச்சு புள்ள. கெடைச்ச யாவாரத்தக் கெடுக்காத."

"குழந்தை சாப்பிடும் அக்கா! வயிறு கெடும்!"

அவ்வளவுதான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாய். பின்னாலேயே நான் மூச்சிரைக்க வந்தபோது, கீழ் வளைவில் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தாய்.

"ஏம்மா, சாகறதுக்கு எம்பட பஸ்ஸுதான் கெடைச்சுதா?" என்று கத்தினார் கண்டக்டர்.

நீ ஏறிப்போய், ஒரு சிறுமி அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்த பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்தாய். ரைட்டர் குதித்தார். "குடுத்த பண்டத்தப் புடுங்கறதுக்கு பஸ்ஸ மறிக்கறா பாரு!"

"எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் புடுங்கு சாமி," என்றார் பின் சீட்டுப் பெரியவர். பஸ்ஸே சிரித்தது.

நீ ஒன்றைப் பிட்டு ரைட்டர் முகத்துக்கு நேரே நீட்டினாய். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தப்பு, நான்," என்று உன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினாய். படிக்கட்டில் நின்ற எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லீங்க, நாந்தானுங்க அவசரப்பட்டு எறக்கிப்புட்டேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கடை போயிற்று என்றே நினைத்தேன். ரைட்டர் சிறுமியின் தலையைத் தடவினார். "நொம்பப் பசியில இருக்குதுங்க. நல்லா வேகவெச்சு அடுத்த பஸ்ஸுல அனுப்புங்க. அடிவாரத்துல நிக்கறோம்."

பொட்டலத்தோடு திரும்பி ஓடிவந்தோம். பழைய இலைகளைத் தூக்கியெறிந்தாய். கையையும் தாம்பாளத்தையும் தேய்த்துக் கழுவினாய். தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் இடைவெளி விட்டு அடுக்கினாய். நான் இறக்கிய நேரம் தாண்டியும், இன்னும் அவ்வளவு நேரம் மூடியைத் தொட விடவில்லை. பிறகு நடுவில் இருந்ததிலேயே பருத்ததை எடுத்துப் பிட்டாய். சிவப்பு இல்லை. சாறு தெளிவாக வழிந்தது. "இப்போ முழிச்சுது," என்றாய்.

மறுவாரம் ரைட்டர் மறுபடி ஆள் அனுப்பினார். பஸ்ஸில் பார்த்தவர்களே ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்கள், "பிட்டுக் காட்டற கடை இதுதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிய மூட்டையை அவரே அவிழ்த்தார்.

இன்று காலை நான் வாயைத் திறக்கவே இல்லை. உன்னைப் பார்த்தேயிராத சின்னவள் நடுவில் இருந்த பருத்ததை எடுத்துப் பிட்டாள். ஊதி ஊதி உள்ளே பார்த்தாள்.

"அம்மாயி, கறி முழிச்சுக்கிச்சு!" என்று கத்தினாள்.

அந்தப் பாதியை நான் தின்றேன். மறுபாதி உனக்கு.

மாயா கண்ணு, படித்து முடித்துவிட்டாயா? உன் மகளும் இப்போது பானைப் பக்கம் வருகிறாள் என்று எழுதியிருந்தாய். கையில் பிட்ட கொழுக்கட்டையோடு அவளை நிற்கவைத்துப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு சாமி. கடையில், உன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.