பேஸ்மென்டில் சிக்கிய பல்லக்கு

மாமா,

இன்று மத்தியானம் அலுவலகத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு உங்களை நினைத்துச் சிரித்தேன். நீங்கள் எங்களை விட்டுப் போனபின் உங்களை நினைத்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை. கூட வேலைசெய்யும் மார்கரெட் தன் இளவயதுப் படத்தைக் காட்டினாள். வெள்ளை கவுன், முழங்கை வரை கையுறை. பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பெரிய மனிதர்கள் முன் நிறுத்தி, இவள் இனிமேல் சபைக்கு வருவாள் என்று அறிமுகம் செய்யும் விருந்தாம். "உங்கள் ஆட்களிடமும் இப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டாள். இல்லாமல் என்ன! நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக் கதையைத் தொடங்கினேன்.

தாய்மாமன் நீங்கள் சும்மா இருப்பீர்களா? "என்ர மருமகள் பல்லக்கிலதான் வருவாள்" என்று அப்போது நாங்கள் இருந்த மல்வேர்ன் வீட்டின் பேஸ்மென்டில், அந்த நிலக்கீழ் அறையில், பனிக்காலம் முழுக்கப் பலகை அறுத்தீர்கள். வகுப்புத் தோழிகள் முன்னால் என்னைத் தூக்கிக்கொண்டு போவதா? அது உடைந்துபோக வேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடினேன். உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

விழாவன்று காலை பல்லக்கு பேஸ்மென்டின் குறுகிய படியில் ஏற மறுத்துவிட்டது. சரித்துப் பார்த்தீர்கள், நிமிர்த்திப் பார்த்தீர்கள், திட்டியும் பார்த்தீர்கள். "ஐயோ, சனத்துக்கெல்லாம் பல்லக்கெண்டு சொல்லிப்போட்டன்!" என்று அம்மா தலையில் கைவைத்தார். நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். நீங்கள் வியர்வையோடு திரும்பிப் பார்த்தீர்கள்.

"பிள்ளைக்கு உது விருப்பமில்லையோ?"

"விருப்பமில்லை மாமா."

"அப்ப எப்பிடி வரப்போறாய்?"

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"நடந்து வாறன். நீங்கள் பக்கத்தில வாங்கோ."

"அக்கா, பிள்ளை சொல்லுறபடிதான்" என்று அம்மாவின் வாயை அடைத்தீர்கள். மண்டப வாசலில் உங்கள் வேட்டியெல்லாம் மரத்தூள். "தலையைக் குனியாதை. எல்லாம் சாப்பிட வந்த சனம்தான், பயப்பிடாதை" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

இப்போது என் மகளின் முறை. அம்மா மண்டபம், மேக்கப் என்று அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் மகளைத் தனியே கூப்பிட்டு, உங்களைப் போலவே, எப்படி வரப்போகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஹெலிகொப்டரில வரலாமா அம்மா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, மாமா. கேட்டுவிட்டு நன்றாக மாட்டிக்கொண்டேன். ஆனாலும் அவள், நான் கேட்டவுடனே சொல்லிவிட்டாள். எனக்கு வாய் திறக்க ஒரு பல்லக்கு சிக்க வேண்டியிருந்தது.