குட்டையில் கழுவிய கார்

அக். 8, புதன்

இரவெல்லாம் மழை, காலையில் வெயில். ஒரகடம் ரோட்டோரம் வேலி சாய்ந்த காலி மனைக்குப் போனேன். குட்டை முழங்கால் ஆழம். மீன் இல்லை, நல்லது. மீன் வந்தால் என் இறால்களைத் தின்று தீர்த்துவிடும்.

ஃபேரி இறால். தமிழில் யாரும் பெயர் வைக்கவில்லை. விரல்நக நீளம், மல்லாந்து நீந்தும். கோடை முழுக்க மண்ணுக்குள் முட்டையாகக் கிடந்து, மழை பட்டதும் பொரித்து, குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டுச் செத்துப்போகும். பெண் இறால்களுக்கு முட்டைப் பை பாதிதான் நிரம்பியிருக்கிறது. திங்களன்று எடுத்தால் சரி.

இதைப் போய் ஆராய்கிறேன் என்று துறையில் எல்லோருக்கும் சிரிப்பு. அவர்கள் எலியை வைத்து ஆராய்கிறார்கள். கூண்டோடு விலைக்கு வருகிறது.

லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, மீனு கீதா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு எறங்கிகினு கீற?"

அக். 10, வெள்ளி

மேகமூட்டம். வாங்க வேண்டியது: ஃபார்மலின், ரப்பர் பேண்ட், ஏலக்காய்.

ஏலக்காய் ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருபவர்களுக்கு. பையன் தினேஷ், கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி எஞ்சினியர். அம்மா காலையிலிருந்து இதையே சொல்கிறாள்: "அவங்க முன்னாடி பூச்சி கீச்சின்னு வாயத் தொறக்காத."

பூச்சி இல்லை, இறால், நண்டு இனம் என்றேன்.

"அப்ப கொழம்பு வெக்கலாமா?" என்றார் அப்பா. அவர் வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் இப்படித்தான்.

அக். 12, ஞாயிறு

வெயில். பட்டுப்புடவை, வியர்வை.

தினேஷின் அம்மா என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வெயிலில் கறுத்த கழுத்தைப் பார்த்தார். தினேஷ் புதுக் காரின் மைலேஜ் பற்றிப் பேசினான். என்னிடம் ஒரே கேள்வி: "இந்த பி.எச்டி. எப்ப முடியும்?" சர்வீஸுக்கு விட்ட வண்டி எப்போது கிடைக்கும் என்கிற தொனி.

அப்பா மரியாதைக்குச் சொல்லிவைத்தார். "வண்டி பளபளன்னு கீதே தம்பி."

"வழியெல்லாம் சேறு அங்கிள். அப்படியே உங்க வூட்டுக்கு வந்தா நல்லாருக்காதுல்ல. ரோட்டோரம் ஒரு குட்டை இருந்துச்சு, ஷாம்பூ போட்டுக் கழுவிட்டு வந்தோம்."

எந்தக் குட்டை என்று கேட்டேன்.

"ஒரு காலி மனைங்க. வேலி ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கும்."

காபித் தட்டைக் கீழே வைத்தேன். வலையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது.

ஓரமெல்லாம் நுரை. ஷாம்பூ பாக்கெட்டுகள், துடைத்துப் போட்ட பனியன். இறால்கள் அடியில் குவிந்து கிடந்தன. ஒன்றிரண்டு மட்டும் கால் அசைத்தன. ஒன்றில்கூட முட்டைப் பை நிரம்பவில்லை. புடவையோடு சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், பின்னாலேயே கார் வந்தது. தினேஷ் ஷூ நனையாத தூரத்தில் நின்றான்.

"ஸாரிங்க, எனக்குத் தெரியாது. ஆனா பூச்சிதானே? அடுத்த மழைக்கு வந்துடாதா?"

"மண்ணுல பழைய முட்டை மிச்சமிருந்தா வரும். இந்த வருஷத்து வேலை போச்சு."

"வேணும்னா ஒரு டேங்கர் தண்ணி எறக்கச் சொல்றேன். சப்ளை பண்றவரு தெரிஞ்சவருதான்."

டேங்கர்! இவன் குவாலிட்டி பார்த்து அனுப்பும் பாகங்களோடுதான் ரோட்டில் இத்தனை கார் ஓடுகிறது.

அக். 13, திங்கள்

தூறல். குட்டையில் உயிரோடு ஒன்றும் இல்லை. பி.எச்டி. கைடுக்குப் போன் போட்டேன். "வேற குட்டை பாரும்மா." குட்டை என்ன, கடையில் தொங்குகிறதா?

மாலை தினேஷ் வீட்டிலிருந்து போன். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். நான் எழுந்து ஓடியது கூச்ச சுபாவமாம். கல்யாணத்துக்குப் பிறகு தண்ணீரில் இறங்கும் வேலை மட்டும் வேண்டாமாம்.

அம்மா: "பூச்சிக்காக நல்ல எடத்த வுட்டுடுவியா?"

"கார் கழுவினதுக்காக இல்லம்மா. தெரியாம செஞ்சான். செத்ததெல்லாம் கண்ணால பாத்துட்டு டேங்கர்னு சொன்னான் பாரு, அதுக்கு."

அம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

அக். 15, புதன்

பலத்த மழை. மண்ணூர்ப் பக்கம் லாரி நிறுத்துமிடத்தில் புதுத் தண்ணீர். இன்னும் ஒன்றும் பொரிக்கவில்லை.

தினேஷிடமிருந்து போட்டோ. பிளாஸ்டிக் வாளியில் ஏதோ நெளிகிறது. "இதானே உங்க இறால்? கம்பெனி பின்னாடி புடிச்சேன். கொண்டாந்து தரவா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். கொசுப்புழு. டெங்கு வரும், கொட்டிடுங்க என்று பதில் போட்டேன்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் தினேஷ் வீட்டுக்குப் பேசினார். "இல்லீங்க, பையன் மேல ஒரு கொறையும் இல்ல. பொண்ணு ஒத்துக்கல, அவ்ளோதான்."

உள்ளே வந்து, "சோறு கீதா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தேன்.