இரும்பு நார்

அன்புள்ள கணவருக்கு,

கர்த்தரின் கிருபையால் நலம். லோரெட்டாவுடன் புதுக் குடித்தனம் வைக்க, நீங்கள் சேர்த்து வைத்த போர்க்காலக் கைத்துப்பாக்கிகளை ஒஹையோ பழம்பொருள் கண்காட்சியில் விற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அழுக்காக அனுப்ப மனம் வரவில்லை. ஒன்றைப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்து வெள்ளி போல ஆக்கினேன்.

எடுத்துப்போக வந்த உங்கள் நண்பர் வெர்னன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அந்தப் பழைய கறுப்புப் பூச்சுதான் இதுக்கு உசுரு. உரிச்சுட்டா எவன் சீந்துவான்? மத்ததையாவது தொடாதீங்க, புண்ணியமாப் போகும்!"

காப்பி கொடுத்து, நாளை வரச் சொன்னேன்.

அவர் போனதும் ஜெபித்துவிட்டு, மற்ற பதினொன்றையும் தேய்த்தேன். உங்கள் அப்பா போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததைக் கடைசியாக எடுத்தேன். அதில் இப்போது முகம் பார்க்கலாம்.

மொத்தம் பன்னிரண்டு. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலயத்தில் நீங்கள் கைப்பிடித்தவள்