தலகோனாவில் பெண் பார்க்க வந்தவர்கள்

மே 15, வியாழன். சித்தூர்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. குழாயில் தண்ணீர் இல்லை. பை கட்டியாயிற்று: வேட்டி, துண்டு, மாத்திரை, டார்ச், குடை. குடை எதற்கு என்று எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன்.

நாளை என் மகள் ஹேமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இடம் தலகோனா மலை, காடும் அருவியும். கவனித்து எழுத வேண்டியவை:

1. பெண் பார்க்க வருகிறவர்கள் காணிப்பாக்கம் வேண்டாம் என்று காட்டைக் கேட்டது ஏன்.
2. மு.வின் வேலை, பழக்கவழக்கம், சேர்க்கை.
3. மு.வின் முதல் மனைவி இறந்தது எப்படி. தரகர் மழுப்புகிறார்.
4. ஹே.வின் சம்மதம். (கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.)

மு. என்பது முனிரத்தினம். சொந்த ஊர் விஜயபுரம் பக்கம், ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அக்கா தனம்தான் குடும்பத்துக்குப் பெரியவள்.

இரண்டாம் கல்யாணம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டில் தாம்பாளம் வைத்துப் பார்ப்பதில்லை. பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு வீட்டாரும் நடிக்க வேண்டும். சரிப்படாவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. அதற்குக் காணிப்பாக்கம் கோயில் இருக்கிறது; சித்தூரிலிருந்து கூப்பிடு தூரம். மே மாதக் கூட்டத்தில் மலைக்கு ஏன்?

போன தடவை, ஹே.வின் முதல் கல்யாணத்தில், நான் ஒன்றுமே விசாரிக்கவில்லை. சொந்தக்காரர் கொண்டுவந்த வரன் என்று தலையாட்டினேன். அவனுக்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம். அதன்பின் ஹே. தனியாகத் திருப்பதியில், ஆஸ்பத்திரி லேபில் வேலை. இன்னொரு தடவை என்னால் அவள் அப்படி வந்து கதவருகில் நிற்கக் கூடாது.

மே 16, வெள்ளி. தலகோனா

வெயில், ஆனால் மரத்தடியில் குளிர்ச்சி. வாடகைக் காரில் நானும் ஹே.வும். பாகராப்பேட்டை தாண்டியதும் கார் நகரவில்லை. முன்னால் வேன், பின்னால் வேன். வேன் கூரையில் அண்டா, அடுப்பு, ஒரு கிரைண்டர் கூட. கிரைண்டரை எங்கே சொருகுவார்கள்?

சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் பறிமுதல். ஒரு அம்மாள் பாட்டிலைக் கொடுக்க மனமில்லாமல் அங்கேயே நின்று முழுவதையும் குடித்துத் தீர்த்தாள். தனியார் வண்டிகள் வெளியே நிற்க வேண்டும், நடந்து போக வேண்டும் என்றார்கள். நாங்கள் இறங்கினோம்.

மு.வின் வெள்ளைக் கார் மட்டும் உள்ளே போயிற்று; தரகர் காட்டிய போட்டோவில் பார்த்த முகம். சாவடியில் ஒரு காவலர் அவர் தோளில் தட்டி, "ஏம் முனி" என்று சிரித்தார். காட்டுச் சாவடியில் இவருக்கு என்ன நட்பு? கார் எண்ணை மனதில் வைத்துக்கொண்டேன்.

பிறகு தற்செயலான சந்திப்பு. தனம், "அட, நீங்களா" என்று வியந்தாள். நன்றாகவே செய்தாள். ஆனால் தற்செயலாகச் சந்திக்கிறவர்கள் எங்களுக்கும் சேர்த்து ஒரு அறை எடுத்து வைத்திருந்தார்கள். சீசனில் அறையே கிடைப்பதில்லை என்று வழியில் எல்லோரும் புலம்பினார்கள். இவருக்கு மட்டும் எப்படி?

மு. பற்றி: நடுத்தர உயரம். முன்வழுக்கை. அதிகம் பேசுவதில்லை. பேசாதவர்களிடம் எனக்குப் பயம். (நானும் பேசாதவன்தான். அது வேறு.)

அவர் கேட்ட முதல் கேள்வி: "மூட்டு வலி உண்டா சார் உங்களுக்கு?"

என் உடல்நிலையை எதற்கு விசாரிக்க வேண்டும்? இந்தக் கிழம் இன்னும் எத்தனை நாள், சித்தூர் வீடு எப்போது பெண் கைக்கு வரும் என்ற கணக்கோ? ஒரு வலியும் இல்லை என்று சொன்னேன். சொன்னதற்காக அருவிவரை நொண்டாமல் நடக்க வேண்டியதாயிற்று. உட்கார ஒரு கல் கூட காலி இல்லை. அருவி மெலிந்து விழுகிறது; அதன் கீழே மனிதத் தலைகள்தான் தெரிகின்றன. பக்கத்தில் ஒருவர் போனில் கத்தினார்: "மனசுக்கு அமைதியா கீதுடா, நீயும் வந்திருக்கலாம்."

முட்டி வீங்கியிருக்கிறது. தைலம் கொண்டுவரவில்லை. குடை கொண்டுவந்திருக்கிறேன்.

மே 17, சனி. தலகோனா

இரவு லேசாகத் தூறல் போல. காலை மேகம். இட்லி கல் போல, சட்னி தண்ணீர். குரங்கு ஒன்று தனத்தின் தட்டிலிருந்து வடையை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. "துன்னுப்பா, நீயாவது சூடா துன்னு," என்றாள் தனம். ஹே. வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது. அதுவும் எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. போன தடவையும் ஆரம்பத்தில் சிரித்தாள்.

தனத்திடம் 3-ஆம் விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "அது பெரிய கஷ்டம்யா. அந்தப் பேச்சு எடுத்தா எங்க முனி ரெண்டு நாள் சோறு துன்ன மாட்டான். உட்ருங்க," என்றாள். விட்டுவிட்டேன். என்ன கஷ்டம் என்று கேட்க வாய் வரவில்லை.

நடைபாதையில் மு.வும் ஹே.வும் முன்னால். நான் பின்னால், பொருத்தமான தூரத்தில். ஒரு மரத்தருகே மு. நின்றார். பட்டையை நகத்தால் சுரண்டி, விரலை முகர்ந்தார். ஹே.விடம் குனிந்து ஏதோ சொன்னார். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. மரம் என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. செம்மரமாக இருக்கலாம்.

எழுதவே கை கூசுகிறது. வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்: சாவடியில் செல்வாக்கு. சீசனில் அறை. பட்டையைச் சுரண்டிய விதம். சாப்பாட்டுக்குப் பின் போனை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனார், திரும்பும்போது செருப்பில் சேறு. காணிப்பாக்கம் வேண்டாம், காடு வேண்டும் என்றது.

ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒன்றுமில்லை. போன தடவையும் இப்படித்தான், தனித்தனியாக ஒன்றுமில்லை.

மாலை. டீ குடிக்கச் சாவடிப் பக்கம் போனேன். வேறொரு காவலர், புதியவர். தெலுங்கில் பொதுவாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். சுற்றுலா வருகிறவர்கள் போல வந்து செம்மரம் கடத்துகிறவர்கள் உண்டா என்று. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏ பண்டி சார்?"

எந்த வண்டி என்று. எந்த வண்டியும் இல்லை, சும்மா கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாராவது அதிகாரமாகக் கேட்டால் எனக்குப் பதில் தானாக வந்துவிடும், பள்ளிக்கூடத்திலிருந்தே. வெள்ளைக் கார் என்றேன். எண்ணையும் சொன்னேன்.

திரும்பிப் போய், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். சாவடியில் கூட்டம். நாளை காலை சொல்லலாம்.

மே 18, ஞாயிறு. திருப்பதி, ஹே. வீடு

புழுக்கம். மின்விசிறி சத்தம்.

காலையில் சாவடிக்குப் போய்ச் சொல்லவில்லை. போனேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

பதினோரு மணி வாக்கில் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உள்ளே வரவும் வரிசை, வெளியே போகவும் வரிசை. எங்கள் வாடகைக் கார் சாவடிக்கு வெளியே காத்திருந்தது, நானும் ஹே.வும் அதனருகே நின்றோம். வெள்ளைக் கார் வந்ததும் மறித்தார்கள். மு.வையும் தனத்தையும் இறக்கி ஓரமாக நிற்க வைத்தார்கள். தோளில் தட்டிய காவலர் இன்று பணியில் இல்லை. பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கிப் போனில் படம் பிடித்தார்கள். யாரோ தெலுங்கில், தமிழ்க்காரர்கள், மரம் வெட்ட வந்தவர்கள் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

தனம் சும்மா இருக்கவில்லை. "தமிழ் பேசினா மரம் வெட்றவனா? நாங்க இந்த ஜில்லாக்காரங்க. எங்க தாத்தாவுக்கே இங்கதான் பட்டா. டிக்கியத் தொற, நல்லாத் தொறந்து பாரு," என்றாள்.

திறந்தார்கள். ஒரு ஜமுக்காளம். புளிசோறு பாத்திரம். ஒரு மடக்கு நாற்காலி, நைலான் பட்டை வைத்தது, புதிது; சுற்றிய உறை கூடப் பிரிக்கவில்லை.

காவலர் நாற்காலியை எடுத்து விரித்து, அடியில் பார்த்து, மடக்கினார். இது எதற்கு என்று கேட்டார். மு. தெலுங்கில் சொன்னது எனக்குக் கேட்டது. கூட வந்த பெரியவருக்கு முட்டி வலி என்று கேள்விப்பட்டேன், அருவிப் பக்கம் உட்கார இடம் இருக்காதே என்று வாங்கினேன், அவர் வலி இல்லை என்று சொல்லிவிட்டதால் வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது.

காவலர் சிரித்தார். யாரோ உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்தார்கள், அதனால்தான் என்றார். அவர்தான் நேற்று டீ குடித்த புதிய காவலர்; சொல்லிக்கொண்டே என் பக்கம் பார்த்தார். மு.வும் பார்த்தார். தனமும். நான் சாவடிக் கூரைமேல் இருந்த குரங்கைப் பார்த்தேன்.

திருப்பதிவரை ஹே. ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சேர்ந்ததும், "நைனா, கால் நீட்டி உக்காரு," என்று தைலம் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 19, திங்கள். திருப்பதி

மழை வரும்போல இருந்து வரவில்லை. ஹே. வேலைக்குப் போய் மாலை வந்தாள். கீரை ஆய்ந்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நம்பர் குடுத்தது நீதானே?"

ஆமாம் என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். சாவடி, அறை, மரம், சேறு. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். எல்லாம் சொல்லி முடித்ததும் எனக்கே எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தோளில் தட்டிய சாவடிக்காரர் மு.வுடன் சத்தியவேட்டில் ஒரே பள்ளியில் படித்தவர். அறை சொல்லிவைத்ததும் அவரே. சேறு, சிக்னல் தேடி ஓடையைத் தாண்டியதால். மரத்தருகே என்ன பேச்சு என்று கேட்டேன்.

"அது உனக்கு எதுக்கு?" என்றாள்.

முதல் மனைவிக்குக் கிட்னி கோளாறு. ஹே. வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். கடைசி வரைக்கும் ரத்தம் எடுத்தது ஹே.தான். அந்த அம்மாள் அவளிடம் பூப்போட்ட ஊசி இல்லையா என்று கேட்டுச் சிரிப்பாளாம். இறந்தபின் ஒரு வருஷம் மு.வை ஹே. பார்க்கவில்லை. போன பொங்கலிலிருந்து பேசுகிறார்கள். தரகரை ஏற்பாடு செய்ததே ஹே.தான், எனக்காக. தரகர் இல்லாமல் வந்தால் நான் பயப்படுவேன் என்று.

காணிப்பாக்கம் வேண்டாம் என்றதும் அவள்தான்.

"அங்க போனா யாரு பாக்கறாங்க, யாரு பாக்கறாங்கன்னு நீ கூட்டத்தையே பாத்துக்கினு இருப்ப. அவர எங்க பாப்ப? மலைக்குப் போனா ரெண்டு நாள் கூட இருப்ப, பேசுவன்னு நெனச்சேன். மொதல் தபா நீ யாரையும் கேக்கல நைனா. இந்த தபா டீ குடிக்கறவனக் கூட கேட்டுட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. இப்போது கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. கீரைத்தண்டை என்மேல் எறிந்தாள்.

மு.வுக்குக் கோபம் இல்லையாம், வருத்தம் உண்டாம். தனம் சமாதானம் ஆகவில்லை. படம் பிடித்தவர்கள் முன்னால் தம்பி நின்றதை அவளால் மறக்க முடியவில்லை. அவள் வேண்டாம் என்றால் மு. மீற மாட்டார், அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள். "நான் போய்ப் பேச மாட்டேன். செஞ்சது நீ," என்றாள் ஹே.

நாளை விஜயபுரம் போகிறேன். புத்தூர் பஸ், அங்கிருந்து மாற வேண்டும். தனத்திடம் பேச வேண்டியதை நான்கு குறிப்பாக எழுதிப் பார்த்தேன். படித்தால் விண்ணப்பம் போல இருந்தது. அடித்துவிட்டேன். நேராகச் சொல்ல வேண்டும்: எண்ணைக் கொடுத்தவன் நான், வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் வாய் வருமா தெரியவில்லை. வாசலில் நிற்க வைத்தாலும் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமை எழுதிய முதல் குறிப்பு தவறு. அவர்கள் பெண் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்க வந்தார்கள்.