தாழ் போடாத கதவு

சென்ற வாரம் மகள் நம் வாசற்கதவில் புதுத் தாழ்ப்பாள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். பளபளவென்ற இரும்பு. அதில் தடவிய எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. இதே வாசத்தோடுதான் நீங்கள் பட்டறையிலிருந்து வீடு திரும்புவீர்கள். தாழைத் தள்ளப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

கல்யாணமான புதிதில் நான் போடும் தாழை நீங்கள் எழுந்துபோய் எடுத்துவிடுவீர்கள். "கதவச் சாத்து ஸ்டெல்லா, தாழ் போடாத." காரணம் கேட்டால் புழுக்கம் என்பீர்கள். டிசம்பர் குளிரிலும் புழுக்கம்! எனக்கு வாய்த்த மனிதர் கொஞ்சம் ஒரு மாதிரி என்று அம்மாவிடம் சொல்லியே விட்டேன். நம் குளியலறைக் கதவுக்குக்கூடக் கயிறுதான்.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் யாங்கோன் கலங்கிக் கிடந்தபோது, கொள்ளைக் கூட்டம் வருமென்று தெருமுனையில் மூங்கில் தடுப்பு கட்டினார்கள். பக்கத்து வீட்டு டோ மியா பட்டப்பகலிலேயே உள்ளே பூட்டிக்கொண்டாள். நீங்களோ கதவைத் திறந்துபோட்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு நாற்காலியில் காவல் இருந்தீர்கள். குடைக்குப் பயந்து ஓடுகிற கூட்டமா அது? எனக்குப் பொறுக்கவில்லை. "வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கு. உங்க கிறுக்குக்கு அவளையும் பலி கொடுக்கணுமா?" என்று கத்திவிட்டேன்.

அன்றுதான் சொன்னீர்கள். மகளும் பக்கத்தில் நின்று கேட்டாள். ஜப்பான் சண்டைக் காலத்தில் மிங்கலாடோன் விமானத்தளத்தில் நீங்கள் விமானம் பழுதுபார்க்கும் பிட்டருக்குக் கையாள். சோதனைக்கு வந்த புது விமானத்தின் பின்னிருக்கையில், மீட்டர் முள் ஓடுவதைப் பார்த்துச் சொல்ல உங்களை ஏற்றினார்கள். உங்கள் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மூடி. முன்னால் விமானிக்குத் தனியாக இன்னொன்று. கிளம்புமுன் அவரே வந்து உங்கள் மூடியை இழுத்து இழுத்துப் பார்த்தாராம். "பாராசூட் வாரையும் அவரேதான் இறுக்கி விட்டாரு. அந்தத் தொரைக்கு என் வயசுதான் இருக்கும். அவரோட மூடிய யாரும் இழுத்துப் பாக்கல, ஸ்டெல்லா. நானும் பாக்கல."

மேலே போனதும் இஞ்சின் தீப்பிடித்தது. உங்கள் மூடி திறந்தது. அவருடையது திறக்கவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே உங்களைத் திரும்பிப் பார்த்து, குதி என்று தலையை ஆட்டினாராம். குதித்தீர்கள். மாவ்பி ஊருக்குப் பக்கத்து வயலில், சேற்றில் விழுந்து நிமிர்ந்து பார்த்தபோது விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. "எரிஞ்சுக்கிட்டே போச்சு. உள்ள அவர் தட்டிக்கிட்டு இருந்திருப்பாரு." அதைச் சொல்லும்போது உங்கள் விரல்கள் நாற்காலிக் கையைத் தட்டின. தட்டுவது உங்களுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு நான் தாழைத் தொடவே இல்லை. கதவைச் சாத்தி, பின்னால் பெஞ்சை இழுத்துப் போடுவேன். வெளியிலிருந்து யாராவது தள்ளினால் சத்தம் கேட்கும். உள்ளே இருப்பவர் இழுத்தால் நகரும். இந்தப் பெஞ்சு ஏற்பாட்டை, நான் ஏதோ விமானமே செய்துவிட்ட மாதிரி, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தீர்கள்.

நீங்கள் போன அன்று மழை. பாதிரியார் ஜெபம் முடித்ததும் கோ தான் என்ற தச்சர் பெட்டிக்கு மூடியை வைத்தார். வாயில் ஆணிகள், கையில் சுத்தியல். வீட்டிலேயே ஆணி அடித்துத்தான் பெட்டியைத் தூக்குவது நம் சபை வழக்கம். முதல் ஆணியை அவர் ஊன்றியபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆணி வேணாம்."

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். "வழியில மூடி நகந்துரும்க்கா" என்றார் சபை மூப்பர்.

"நகரட்டும்."

மகளுக்கு மட்டும் புரிந்தது. கல்லறை வரை மழையில் நனைந்தபடி, மூடியின் மேல் கை வைத்துக்கொண்டே அவள் கூட நடந்தாள்.

அதே மகள்தான் இப்போது தாழ்ப்பாள் வாங்கி வந்திருக்கிறாள். நான் தனியாக இருக்கிறேனே என்ற கவலை அவளுக்கு. சாயங்காலமானால் போனில் கூப்பிடுவாள். "தாழ் போட்டியாம்மா?" "போட்டுட்டேன்" என்கிறேன். "சரி, பெஞ்சையாவது நல்லா இழுத்துப் போடு" என்கிறாள்.

அன்று தச்சர் என் உள்ளங்கையில் கொட்டிய ஆணிகள் தையல் டப்பாவில் கிடக்கின்றன. துருப் பிடித்துவிட்டன. ஊசி எடுக்கும்போதெல்லாம் கையில் படும். உங்களை உள்ளே வைத்து அடைக்க நான் விடவில்லை.