மலைப்படியில் மயங்கிய மகள்

அரக்கோணத்தில் சௌக்கியமாக இருக்கும் உங்களுக்கு,

நம் அம்சா பிழைத்துக்கொண்டாள். உங்கள் கார்டில் அதைக் கேட்கவில்லை. வேண்டுதல் பாதியில் நின்றதற்குத்தான் வருந்தியிருந்தீர்கள்.

யுத்தம் முடிவதற்குள் ஹெட் கிளார்க் ஆகும் ஆசை உங்களுக்கு. அதற்கு வேண்டிக்கொண்ட காவடி மட்டும் குழந்தைக்கு. ஆடிக் கிருத்திகைப் புழுக்கத்தில், உச்சி வெயிலில், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் மலையேற்றினீர்கள். மண்டப நிழலில் நீங்கள் சோடா குடித்தீர்கள். பாதிப் படியில் அவளுக்கு வியர்வை நின்றது. உடம்பு அனலாய்க் கொதித்தது. என்னையே யாரென்று கேட்டுவிட்டுச் சரிந்தாள். தண்ணீர் எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "விரதம் கெட்டுடும்" என்றீர்கள்.

பூக்காரி கௌரியம்மாள்தான் உங்களைப் பிடித்துத் தள்ளினாள். "கொழந்த சுருண்டு கெடக்குது, விரதம் பேசிகினு நிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று கத்தியபடி, பூவுக்கு வைத்திருந்த குடத்து நீரைக் குழந்தையின் தலையில் கொட்டினாள். நிழலில் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி விசிறினோம். நினைவு திரும்பியதும் உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். அதற்குள் நீங்கள் ரயிலுக்கு நேரமாயிற்றென்று இறங்கிப் போய்விட்டீர்கள்.

நாங்கள் அம்மையார்குப்பத்தில், நீங்கள் கார்டு போட்ட என் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறோம். இனி இங்கேதான். அழைத்துப் போக வரவேண்டாம். வெயில் கடுமையாக இருக்கிறது, உங்கள் உடம்புக்கு ஆகாது.

இப்படிக்கு,
அம்சாவின் தாய்