அந்த ‘நண்பர் ஒருவர்’ நான்தான்

நீ போய் ஒரு மாதமாகிறது. உன் பாக்கெட் நோட்டை இன்று காலை உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். "இதுல உங்க பேருதாண்ணே நிறைய இருக்கு, நீங்களே வச்சுக்குங்க" என்றார். அதிலிருந்து உன் மூக்குப்பொடி வாசம் இன்னும் போகவில்லை. எனக்குப் பகீரென்றது. என்னென்ன எழுதி வைத்துவிட்டுப் போனாயோ, மகராசா!

முப்பது வருடம் ஞாயிறுதோறும் பேப்பரில் திருச்சியைப் பற்றிப் பத்தி எழுதினாய். அதில் வரும் ‘நண்பர் ஒருவர்’ பாதி நேரம் நான்தான். சத்திரம் பஸ்ஸில் கண்டக்டரோடு நான் போட்ட சண்டை வந்தது. மணப்பாறை முறுக்கைக் கடித்து என் பல் போனதும் வந்தது. நாங்கள் குடியிருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு வாரம் எல்லோரும் என் வாயையே பார்த்துச் சிரித்தார்கள். "அவருகிட்ட வாயத் திறந்தா அச்சுல வந்துடும், பாத்துப் பேசுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. அதிலிருந்து நீ "அப்புறம்?" என்று கேட்டாலே என் கண் உன் சட்டை பாக்கெட்டுக்குத்தான் போகும்.

அப்படியும் ஒருநாள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறையில் உளறிவிட்டேன். "பையன் என்னோட பேசுறதில்லடா. வீட்ட விட்டுப் போயிட்டான்." நீ டீ வாங்கிக் கொடுத்தாய். நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது எதையோ குறித்துக்கொண்டிருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நின்று பேப்பரைப் பிரித்தேன். கொசுவைப் பற்றி எழுதியிருந்தாய். அடுத்த வாரம் தெருநாய். சரி, பெரிதாக எழுதத்தான் சேர்த்து வைக்கிறான் என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு நீ போய்ச் சேரும்வரை உன்னோடு வெயிலையும் பஸ்ஸையும் பற்றித்தான் பேசினேன்.

மத்தியானம் துணிந்து நோட்டைத் திறந்தேன். "பையன் போயிட்டானாம். எழுதக் கூடாது. விசாரிக்கணும்." அடுத்த வாரம்: "கேக்கல." அதற்கும் அடுத்த வாரம்: "இன்னைக்கும் கேக்கல. என் பாக்கெட்டையே பாக்குறான், பாவம்."

இதையும் சந்தேகப்படத்தான் செய்தேன். கடைசியில் என் கைக்கு வரும் என்று தெரிந்தே எழுதினாயா? அப்படி நினைத்த மறு நிமிடம் அழுதுவிட்டேன். அடப்பாவி, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

உன்னிடம் சொல்லாத மீதி இன்னும் என்னிடமே இருக்கிறது. அவனாகப் போகவில்லையடா. கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பெண்ணோடு வாசலில் வந்து நின்றான். கதவைச் சாத்தியவன் நான்தான்.